ஏற்காடு போகும் புகைவண்டி

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது என்று எவன் சொன்னது? கோடை விழா நாட்களில் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் கார்களைப் பாருங்கள். குளிருக்குக் கண்ணாடி ஏற்றியாகிவிட்டது. ஸ்டியரிங்கில் ஒரு கை, சிகரெட்டில் ஒரு கை. பக்கத்தில் அம்மா மடியில் பால்குடி மறக்காத பிள்ளை. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் அது இருமி, கக்கி, கண் சிவந்துவிடும். "மலை இவனுக்கு ஒத்துக்கலை" என்பார் தகப்பனார். மலை ஒத்துக்கொள்ளும் ஐயா, நீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை!

நல்ல காற்று வாங்கத்தான் சேர்வராயன் மலைக்கு வந்தது. அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது, அடுத்த வேலை பற்றவைப்பது. "பாத்ரூம்லதானே தம் அடிக்கிறேன், ஃபேன் ஓடுதுல்ல" என்று பெருந்தன்மை வேறு. ஃபேனாலும் ஜன்னலாலும் இந்தப் புகையை ஒழிக்க முடியாது, இதில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார். புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு இழுக்கும். அதன் பங்கும் தாராளம். ஆஸ்துமா, நிமோனியா, காதில் சீழ், சில வீடுகளில் தொட்டிலிலேயே திடீர் மரணம். பால் பவுடரில் கலப்படம் என்றால் சாலை மறியல் செய்கிற ஊர் இது!

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 காந்தி ஜெயந்தி முதல், பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். எழுந்து நகரக் கால் உள்ளவனுக்குச் சட்டம் துணை. தொட்டிலில் கிடப்பதற்கு அப்பாவின் கருணையே துணை. இங்கிலாந்தில் 2015 முதல் சிறுவர் இருக்கும் காருக்குள் புகைப்பதே குற்றம். நம் சட்டமோ வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகிறது. உள்ளே நடப்பதை 2016-17 தேசிய ஆய்வு எண்ணிச் சொன்னது: பெரியவர்களில் 38.7 சதவீதம் பேருக்கு வீட்டிலேயே அடுத்தவர் புகை.

அதே அப்பா, பிள்ளை பெயரில் எல்.ஐ.சி. பாலிசியும் போட்டிருப்பார். சிகரெட் செய்யும் ஐ.டி.சி.யில் சுமார் 15 சதவீதப் பங்கு எல்.ஐ.சி.யிடம். பிள்ளையின் ஆயுளுக்குக் காப்பீடு, அதைக் குறைக்கிற சரக்கில் முதலீடு. கணக்கு எங்கேயும் உதைக்காது.

எஸ்டேட் லைன் வீட்டில், ஒற்றை அறையில், மழைக்கு ஒதுங்கிப் பீடி பிடிப்பவரிடம் நான் வேறு மாதிரி பேசுவேன்; அவருக்கு ஒரு திண்ணை கட்டித் தராத முதலாளியிடம் இன்னும் வேறு மாதிரி. உமக்கு என்ன குறை? பால்கனி உண்டு, ஸ்வெட்டர் உண்டு. அதை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய் நில்லும். குளிரட்டும்.