கட்டணப் படத்தின் ஆயுளும் அக்கரைப்பற்று வளவும்

தனிக்கட்டணம் செலுத்தித் தொலைக்காட்சியில் ஒருமுறை பார்க்கும் படத்தை வீட்டுப் பதிவுக்கருவி எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்னும் வினா, ஹொலிவுட் நிறுவனங்களையும் அமெரிக்க நீதிமன்றங்களையும் பல ஆண்டுகளாக அலைக்கழித்திருப்பினும், அக்கரைப்பற்று வீடொன்றின் முன்மண்டபத்தில் வைத்து அது முறையாக ஆராயப்படவில்லை. இவ்வூரின் தாய்வழிக் குடிகளையும் சீதன வீட்டு வழமையையும் 1969 முதல் 1971 வரை இங்கு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் பெருநூல் ஒன்றையே எழுதியவர். எனினும் அவர் களப்பணி செய்த நாட்களில் ரிமோட்டை யார் வைத்திருந்தார் என்று கேட்பதில் பயனில்லை. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979 இல்தான்.

முதலில் வரலாறு. ஒளிபரப்பைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது உரிமை மீறல் ஆகாது என்று, சோனி நிறுவனத்தின் பீட்டாமக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்ற தரப்புக்குப் பொறியியலாளர்கள் கைகொடுத்தனர். 1985 இல் வந்த மக்ரோவிஷன் என்னும் முறை, திரையில் தெரியாத மேல்வரிகளில் பொய்யான மின்துடிப்புகளைச் செருகியது. தொலைக்காட்சிப் பெட்டி அவற்றைப் பொருட்படுத்தாது, ஆனால் ஒளியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் பதிவு டெக் அவற்றை நம்பிக் குழம்பும். இரண்டு டெக்குகளை வயரால் இணைத்துப் பிரதியெடுத்தவருக்குக் கதாநாயகன் முகம் ஒரு கணம் வெளிறியும் மறுகணம் இருண்டும் தெரிந்தது. அதே காலத்து வி.எச்.எஸ். கசட்டின் முதுகில் சிறியதொரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு பதிய முடியாது, உடைத்த குழியின்மேல் ஒட்டுநாடா ஒட்டினால் மறுபடி பதியலாம். கல்யாணக் கசட்டில் அத்துண்டை உடைக்க மறந்த வீடுகளில், மாப்பிள்ளை மாலையோடு வந்து இறங்கும் நேரத்தில் 1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி குறுக்கிட்டு, அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களுடன் நிற்கக்கூடும். உரிமையாளனின் பொருளைப் பாதுகாப்பதில் மக்ரோவிஷனைவிட இந்தப் பிளாஸ்டிக் துண்டே நேர்மையானது என்பது இக்கட்டுரையின் துணைக் கருதுகோள்.

இலக்கமுறைக் காலத்தில் கட்டுப்பாடு நேரக் கணக்காயிற்று. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2003 இல் வகுத்த விதிகளின்படி இலவச ஒளிபரப்பைத் தடையின்றிப் பதியலாம்; கட்டணச் சேனலை ஒரு தலைமுறை மட்டும் பதியலாம், அதாவது பிரதியிலிருந்து பிரதி எடுக்கக்கூடாது; தனிக்கட்டணப் படத்தைப் பதிவதையோ நிறுவனம் முற்றாகத் தடுக்கலாம், ஆயினும் அதை இடையில் நிறுத்திவைக்கக் குறைந்தது 90 நிமிடம் விடவேண்டும். அவ்விதிகளை 2013 ஜனவரியில் நீதிமன்றம் இரத்துச் செய்தது. இதற்கிடையே டைரக்டிவி என்னும் அமெரிக்கக் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனம் 2008 இல், பதிவான கட்டணப் படம் 24 மணித்தியாலத்தில் காலாவதியாகும் என்றொரு கணக்கைக் கொண்டுவந்தது.

90 நிமிடம் என்பது மஃரிப் தொழுகைக்குத் தாராளம். சம்பந்தி வீட்டார் வருகைக்குப் போதாது. சலாம் சொல்லி அமர்தல், பிளேன்டீ, அதன்பின் பலகாரம், எழுந்து நிற்றல், எழுந்த பின்னர்தான் வந்த காரியத்தைச் சொல்லுதல், படலையடியில் அதை இன்னொரு தடவை பேசுதல் ஆகிய படிநிலைகளில் கடைசி ஒன்றே அரைமணித்தியாலத்தை விழுங்குமாதலின், விருந்தினரை வழியனுப்பிவிட்டு உம்மா திரும்பும்போது படத்தின் தொடக்கம் கருவியிலிருந்து அழிந்திருக்கும். 24 மணித்தியாலக் கணக்கு றமழான் மாதத்தில் இன்னும் மோசம்: நோன்பு திறந்து, தறாவீஹ் முடித்து, ஸஹருக்கு எழவேண்டிய வீட்டில் படத்துக்கு இடமேயில்லை.

தமிழுலகின் பெரிய கட்டணப் படச் சோதனையும் அதே 2013 ஜனவரியைச் சேர்ந்ததே. கமல்ஹாசன் தம் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பாகவே 1,000 இந்திய ரூபாய்க்கு வீட்டுத் தொலைக்காட்சியில் காட்டுவதாக அறிவித்தார், திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர், திகதி தள்ளிப்போனது, தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குப் படம் பெப்ரவரி 7 ஆம் திகதியே வந்தது. அப்படம் பற்றி இவ்வூரார் பேசிக்கொண்ட மற்ற விடயங்கள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இங்கு கவனிக்கத்தக்கது, 1,000 ரூபாய் ஒரு வீட்டுக்கு என்று கணக்கிடப்பட்டதேயன்றி, வீடு என்றால் எத்தனை பேர் என்று எவரும் வரையறுக்கவில்லை என்பதே.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இவ்விடத்தில் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது: இயற்கை ஆளொருவர், சட்டபூர்வமான பிரதியிலிருந்து, முற்றிலும் தம் சொந்தத் தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுக்கலாம். அக்கரைப்பற்றில் அந்த ஆள் யார்? கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். வீடு மகளுடையது, இணைப்பு வாப்பாவின் பெயரில், மாதக் கட்டணம் கட்டாரிலிருந்து காக்கா அனுப்புவது, பதிவுப் பொத்தானை அழுத்தியது பத்து வயதுப் பேரன். பார்ப்போரில் அடுத்த வளவு ராத்தாவும், அவர் மாமியும், படம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கதவருகே கதிரை போட்டிருக்கும் மூத்தம்மாவும் அடங்குவர். இவர்களில் எவருடைய தேவை சொந்தத் தேவை என்று தீர்க்க முயலும் சட்டத்தரணி முதலில் குடிமுறையைக் கற்றாக வேண்டும்.

பதிவுக்கருவி படத்தைத் தனக்கே உரிய மறைகுறியால் பூட்டி வன்தட்டில் வைப்பதால், தட்டைக் கழற்றி வேறு கருவியில் பொருத்தினால் படம் ஓடாது. கருவியைவிட்டு நகராத அப்பதிவை, காணியில் நிற்கும் தென்னையைப் போல அசையாச் சொத்தாகக் கொள்வதே வழமைக்குப் பொருந்தும். அவ்வாறாயின் இளைய மகளின் கல்யாணத்தில் வீடு கைமாறும்போது, வாப்பா பாதி பார்த்து நிறுத்திய படமும் சீதனத்தோடு போகிறது. இணைப்போ அவர் பெயரிலேயே இருப்பதால் அதன் பில் அவரைத் தேடிப் பின்வளவுக்கு வரும். கருவியைக் கழற்றிக்கொண்டு போவதா, மருமகனுக்கு விட்டுக்கொடுப்பதா என்பதைக் கல்யாணப் பேச்சில் ஆண்கள் எடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வந்த மூன்றாம் நாள் மாமி சொல்லுவார்.