டிவி கேம் தலபுராணம்

எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு தலபுராணம் இருக்கும். இந்திரனுக்குச் சாபம், குளத்தில் ஒரு முழுக்கு, சாபம் தீர்ந்தது, கோபுரம் எழும்பியது. எங்கள் வீட்டு டிவி கேமுக்கும் அப்படி ஒன்று உண்டு. கோபுரத்துக்குப் பதில் மர ஷட்டர் வைத்த டயனோரா டிவி. மற்றபடி எல்லாம் முறைப்படிதான்.

ஆதியில் சீட்டுக்கட்டு இருந்தது. 1889ல் ஜப்பானின் கியோட்டோவில் நின்டெண்டோ என்று கடை போட்டு, பூப்படம் போட்ட ஹனஃபுடா சீட்டு விற்றார்கள். 1949ல் ஹிரோஷி யமவுச்சி என்ற பேரப்பிள்ளை கைக்குக் கம்பெனி வந்தது. பேரப்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? டாக்ஸி விட்டுப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினால் சோறாகிற பாக்கெட் விற்றுப் பார்த்தார். சினிமா எடுத்து நொடித்தவர் மாவு மில் வைப்பாரே, அந்த வகை. கடைசியில் விளையாட்டுச் சாமானில் கை வைத்தார், துலங்கியது.

1983 ஜூலை 15 அன்று அவதாரம். மசயுகி உயெமுரா என்ற பொறியாளர் வடிவமைத்த ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டி, சிவப்பும் வெள்ளையுமாக, 14,800 யென்னுக்குக் கடைக்கு வந்தது. முதலில் வந்த பெட்டிகளில் சதுர ரப்பர் பட்டன். அமுக்கினால் அமுங்கியபடியே நின்றுவிடும். சில்லிலும் கோளாறு தெரிந்து, விற்றதைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. தெய்வமே ஆனாலும் முதல் பிரதிஷ்டையில் கொஞ்சம் இசகுபிசகு ஆகத்தான் செய்கிறது.

அதே வருஷம் அமெரிக்காவில் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனி, விற்காத கேசட்டுகளை லாரியில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்துக்கொண்டிருந்தது. வீடியோ கேம் என்று யாராவது வந்தாலே கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிய காலம். 1985ல் அங்கே போன நின்டெண்டோ, கூடவே ஒரு ரோபோ பொம்மையையும் அனுப்பி, 'இது பொம்மை சார், சத்தியமா வீடியோ கேம் இல்ல' என்று தலையில் அடித்துச் சொன்னது. மாப்பிள்ளைத் தோழனைக் காட்டிப் பெண் கேட்ட கதை. கல்யாணம் நடந்துவிட்டது. ரோபோவை அப்புறம் யாரும் தேடவில்லை.

இதெல்லாம் மூலவர் கதை. எங்கள் வீட்டுக்கு 1996ல் வந்தது உற்சவர்கூட இல்லை, உற்சவரைப் பார்த்து யாரோ செய்த களிமண் பொம்மை. உலகமெங்கும் இந்த நகல்கள்தான் ஊர்வலம் போயின. ரஷ்யாவில் அதற்கு டெண்டி என்று பெயர். சீனாவில் கீபோர்டு வைத்து, படிப்புக்கான இயந்திரம் என்று சொல்லி, ஜாக்கி சானை விளம்பரத்தில் நிறுத்தி விற்றார்கள். பெற்றோரை ஏமாற்றுவதில் நாம் இன்னும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்களுடையதை மாமா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு ராணுவ வீரர், ஒரு ரேஸ் கார், வாயைப் பிளந்த டைனோசர். மூவரும் உள்ளே எந்தக் கேமிலும் வரவில்லை. ஒருநாள் அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் கழற்றிப் பார்த்தான். அவ்வளவு பெரிய டப்பாவுக்குள் தீப்பெட்டி அட்டை மாதிரி ஒரு போர்டு. அதன் நடுவில் எள்ளுருண்டையை நசுக்கி ஒட்டியது போலக் கறுப்பாக ஒரு பொட்டு. ஜப்பான்காரன் தனித்தனிச் சில்லுகளில் செய்ததை அந்த ஒற்றைப் பொட்டுக்குள் அடக்கியிருந்தார்கள். மிச்சமெல்லாம் காற்று. "நாம காத்தையாடா காசு குடுத்து வாங்கினோம்?" என்றான் அண்ணன். காசு கொடுத்தது மாமா.

வழிபாட்டு முறைகளும் உண்டு. கேசட் ஓடாவிட்டால் கழற்றி, மவுத்ஆர்கன் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊத வேண்டும். அண்ணன் ஊதினால் ஓடும், நான் ஊதினால் ஓடாது. என் வாயில் ராசியில்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். ஊதியதால் எதுவும் ஆகவில்லை, கழற்றித் திரும்பச் செருகியதில்தான் பின்கள் சரியாக உட்கார்ந்தன என்பதும், எச்சில் ஈரம் அந்தப் பின்களை அரிக்கத்தான் செய்தது என்பதும் பின்னால் தெரிந்தது. அதற்குள் என் மானம் போய்விட்டது.

அப்பாவுக்கு ஒரே பயம். "பிக்சர் டியூப் போயிடும்டா." அரை மணிக்கு ஒருதரம் டிவியின் முதுகில் கை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

மரியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த 32 லெவலும் சேர்த்து மொத்தம் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற குட்மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பெரியது. இடம் போதாமல், வானத்து மேகத்துக்கே பச்சை அடித்துக் கீழே புதர் என்று வைத்துவிட்டார்கள். மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா என்று அம்மா வைத்தபோது முகம் சுளித்த நாங்கள், இதை வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கவில்லை.

வாத்து சுடும் கேமின் துப்பாக்கி அதைவிடப் பெரிய பித்தலாட்டம். வாத்தைக் குறிபார்த்து விசையை இழுத்தால் குண்டும் இல்லை, கதிரும் இல்லை. திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரிந்தால் வாத்து செத்தது. ஆக, டிவிதான் துப்பாக்கியைச் சுட்டது. நான் துப்பாக்கியை டிவி கண்ணாடியில் ஒட்டவைத்தே சுட்டேன். அப்படியும் தப்பியது. புல்லிலிருந்து எழுந்து நாய் சிரித்தது. பின்னால் கட்டிலில் அத்தையும் சிரித்தாள்.

கான்ட்ரா என்ற கேமில் அண்ணன் முதல் ஆள், நான் இரண்டாம் ஆள். பிறப்பிலேயே முடிவான விஷயம். மூன்றாவது கட்டத்தில் அருவி வரும், தாவித் தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் போகிறவன் ஏற ஏறத் திரையும் ஏறும்; கீழே தங்கியவன் திரைக்கு வெளியே போய்ச் சாவான். எதிரி ஒருவன்கூடச் சுடாமல் நான் அங்கே செத்த கணக்கு அதிகம். "நீ வேகமா வரணும்" என்பான். வேகமாகப் போன ஒரே ஒருநாள், அவன் கீழே விழுந்து செத்தான். ரிமோட் ஒயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டான்.

எல்லாவற்றுக்கும் சிகரம், '9999 இன் 1' என்ற கேசட். ஊர்க் கடை ஒன்றில், சைக்கிளுக்கென்று சேர்த்த காசில் வாங்கியது. 9999 கேம்! நாளுக்கு ஒன்று ஆடினாலும் 27 வருஷம் ஓடும், மூன்றாவது தலைமுறை மிச்சத்தை ஆடும் என்று அண்ணன் கணக்குப் போட்டான். பட்டியலில் 1 மரியோ, 8ம் மரியோ. 15ல் அதே மரியோ இரண்டாவது லெவலிலிருந்து ஓடினார். 22ல் நீலச் சட்டை. ஏழே கேமைத் திருப்பித் திருப்பிப் பந்தி பரிமாறியிருந்தார்கள். நாங்கள் விடவில்லை. முழுப் பரீட்சை லீவில் ஒரு நாற்பது பக்க நோட்டில் நம்பர் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எழுதினோம். 'கடைசியில ஏதாவது ஒண்ணு ஒளிச்சு வெச்சிருப்பான்' என்பது அண்ணன் கட்சி. 612வது நம்பரில் நோட்டு தீர்ந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"தம்பி, 9999 கேமையும் குடுத்துட்டா நீங்க எப்பப்பா படிப்பீங்க?"

அண்ணனுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. பழசைக் கொடுத்து, மேலே நாற்பது ரூபாய் போட்டு, வேறு கேசட் வாங்கிக்கொண்டான். 99999 இன் 1.