ஐந்திணையும் இரண்டு இரவும்: புரூஜ் நகர வாரயிறுதி பற்றி ஓர் அகப்பொருள் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

தம்பதியர் வெள்ளி மாலை கிளம்பி, பழம்பெரும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் இரண்டு இரவு தங்கி, ஞாயிறு இரவு வீடு திரும்பும் வழக்கத்தைச் சுற்றுலாத் துறை கவனித்த அளவுக்கு இலக்கணத் துறை கவனிக்கவில்லை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என உரிப்பொருள் ஐந்தையும் வகுத்த தொல்காப்பியர், ஐந்தையும் ஒரே டிக்கெட்டில் அடக்குவார்கள் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

களம் பெல்ஜியத்தின் புரூஜ். கால்வாய் வளையம் ஒன்றுக்குள் அடங்கிய பழைய நகரம். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எல்லாம் நடை தூரத்தில் இருப்பதால், தாமதத்துக்குப் பேருந்தைக் குறை சொல்ல வழியில்லை; துணையைத்தான் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. ஆய்வுக்குரியோர் லண்டன்வாசிகள் இருவர். அகத்திணையில் பெயர் சுட்டலாகாது என்பது மரபு. மரபு இல்லாவிட்டாலும் அவர்களே அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

2. முதற்பொருள்

நிலம் தட்டை. குறிஞ்சிக்கு மலை இல்லை. விடுதியின் செங்குத்தான மரப்படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிச் செல்லும் தலைவன் மட்டும் இதை மறுப்பான்.

நெய்தலின் கதை நீண்டது. 1134-ல் அடித்த புயல் கரையை உடைத்து ஸ்வின் என்னும் கடல்வழியைத் திறந்தது. கப்பல் வந்தது, கம்பளியும் பணமும் வந்தன. 1500-ஐ ஒட்டி அவ்வழி தூர்ந்துபோக, வணிகர்கள் ஆன்ட்வெர்ப் பக்கம் போய்விட்டார்கள். இடித்துக் கட்டக் காசில்லாத ஊரில் பழைய வீடுகள் அப்படியே நின்றன. ஆக, இன்று காதலர் கைகோத்து நடப்பது கடல் கைவிட்டுப் போன ஒரு தலைவியின் முற்றத்தில். பொருள்வயிற் பிரிந்த தலைவன் 1907-ல் ஸேப்ரூக துறைமுகமாகத் திரும்பினான். வாசல் வரை வரவில்லை. பல கிலோமீட்டருக்கு அப்பாலேயே நின்றுகொண்டான்.

3. கருப்பொருள்

புள்: அன்னம். 1488-ல் ஊரார் தம்மை ஆண்ட மாக்சிமிலியனைச் சிறைவைத்து, அவருடைய அதிகாரி ஒருவரின் தலையையும் வெட்டினார்கள். அதற்குத் தண்டனையாகவே ஊர் என்றென்றும் அன்னம் வளர்க்க வேண்டியதாயிற்று என்பது கர்ணபரம்பரைக் கதை. பறை: மணிக்கோபுரத்தின் 47 மணிகள். உணவு: இருமுறை பொரித்த உருளைக்கிழங்கு. 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னவரே பாதியைத் தின்பது நிலையான நிகழ்வு.

4. பாலை

இதன் முதற்கூறு உடன்போக்கு. சுரம் கடக்க வேண்டிய இடத்தில் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் இருக்கிறது. தேடி வரும் செவிலித்தாயின் வேலையை மாமியாரின் தொலைபேசி அழைப்பு பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் கூறு பிரிவு. நிகழும் பொழுது, இலக்கணம் விதித்தபடியே, சனிக்கிழமை நண்பகல். மணிக்கோபுரம் 83 மீட்டர் உயரம். ஏற 366 படிகள். ஏற ஏறப் படிக்கட்டு குறுகும். தலைவி ஏறுகிறாள். தலைவன் முழங்காலைக் காரணம் காட்டிச் சதுக்கத்தில் தங்கிவிடுகிறான். புகைப்படம் என்னும் பொருள் தேடித் தலைவி பிரிந்தாள் என்க.

5. மருதம்

ஊடலுக்குரிய பொழுது வைகறை. பரத்தையின் இடத்தில் இங்கே இருப்பது டி ஹால்வ மான் என்னும் பீர் ஆலை. இந்த ஆலை 2016-ல் ஊருக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, புறநகரில் புட்டியில் அடைக்கும் இடத்துக்குப் பீரை அனுப்பத் தொடங்கியது. கனரக லாரிகள் பழைய கல் தெருக்களில் போகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. செலவில் ஒரு பகுதி பொதுமக்களிடம் திரட்டியது. பெருந்தொகை கொடுத்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் இலவச பீர். அத்திட்டத்தில் இன்னும் சேர முடியுமா என்று தலைவன் முந்தைய இரவு பரிசாரகரிடம் விசாரித்ததே ஞாயிறு காலை ஊடலுக்கு ஏது.

ஊடிய இருவரும் மின்னவாட்டர் ஏரிக்குப் போகிறார்கள். காதலர்க்குரியதாக விளம்பரமாகும் இந்த ஏரியை ஒட்டியே 1245-ல் தோன்றிய பெகைன்ஹாஃப் இருக்கிறது. கணவரும் இன்றி, கன்னிமாட விரதமும் பூணாமல், இறைவழியில் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு அது. கைக்கிளை, பெருந்திணை உட்பட ஏழு திணையிலும் அடங்காத இவர்களுக்கு எட்டாம் திணை வகுப்பது வேறோர் ஆய்வாளரின் கடமை. உள்ளே அமைதி காக்க வேண்டும். தம்பதியின் ஊடல் மௌனம் ஒழுக்கமாகத் தோற்றம் தருவது இந்நகரில் இங்கு மட்டுமே.

6. முல்லை

எதிர்பாராத தரவு இங்கேதான் குவிந்தது. ரயிலுக்கு இருத்தல், அறை தயாராகும்வரை இருத்தல், படகுக்கு இருத்தல், வாஃபிள் கடை முன் இருத்தல், படியேறியவள் இறங்கும்வரை இருத்தல், குளியலறை வாசலில் இருத்தல். கார்காலம் வேண்டுமே என்ற கவலையும் இல்லை. பெல்ஜிய வானம் எந்த மாதத்திலும் ஒத்துழைக்கும்.

சென்றோர் திரும்புவர் என்னும் முல்லை நம்பிக்கைக்கு ஊரிலேயே சான்று உண்டு. அன்னை மரியாள் தேவாலயத்தில் மைக்கேலேஞ்சலோ செதுக்கிய தாயும் சேயும் பளிங்குச் சிலை இருக்கிறது. 1794-ல் பிரெஞ்சுப் படை கொண்டுபோனது, திரும்பியது. 1944-ல் ஜெர்மானியர் கொண்டுபோனார்கள்; ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்திலிருந்து மீண்டும் திரும்பியது. அதைப் பார்க்கவும் வரிசை.

7. குறிஞ்சியும் நெய்தலும்

குறிஞ்சிக்குரிய யாமப்பொழுதில் தரவு சேகரிக்க நாகரிகம் இடம் தரவில்லை. நாள் முழுதும் கல் பாவிய தெருவில் நடந்த கால்களின் நிலையைக் கொண்டு அனுமானித்தால், ஒன்பது மணிக்கே இருவரும் உறங்கியிருக்க வேண்டும். இரங்கல், ஞாயிறு எற்பாட்டில் ரயில் மேடையில் தொடங்குகிறது. மறுநாள் திங்கட்கிழமை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

8. முடிபு

விளம்பரம் விற்பது குறிஞ்சி. வாங்கியவர் கையில் கிடைப்பது முல்லை. இதைச் சுற்றுலாத் துறையின் மோசடி என்று கொள்வது பிழை. வீட்டில் இருவரும் தனித்தனியே காத்திருக்கிறார்கள்: ஒருவர் மருத்துவமனையில், மற்றவர் வங்கியில். ஒரே வரிசையில், கையில் வேறு வேலை ஏதுமின்றி, முன்னால் நிற்பவரின் தொப்பியைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டு நிற்கும் வாய்ப்புக்குத்தான் அவர்கள் உண்மையில் பணம் கட்டுகிறார்கள். எனவே அடுத்த பயணத்துக்கு எந்த நகரம் என்று ஆராய்வது வீண். இந்த ஆளோடு அரைமணி நேரம் வரிசையில் நிற்க முடியுமா என்பதே முதல் வினா. முடியும் என்போர்க்கு எந்த ஊரும் தகும். முடியாது என்போர்க்கு 366 படிகள் உள்ள கோபுரமே பரிந்துரை. ஒருவர் மேலே, ஒருவர் கீழே.