டிரஸ்ட் சார்

ஊருக்கு ஒரு டிரஸ்ட் சார் உண்டு. ஜிப்பா, ஜோல்னாப் பை என்று கற்பனை செய்ய வேண்டாம்; அதெல்லாம் பழைய படம். இப்போது லேப்டாப் பை. உள்ளே லேப்டாப் இருக்காது. 12ஏ, 80ஜி என்கிற வரிச்சலுகைச் சான்றிதழ்களின் ஜெராக்ஸ், ரசீது புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெரிய கம்பெனி மேனேஜர் என்று தெரிந்துவிட்டால், ரசம் வருமுன் சி.எஸ்.ஆர். வந்துவிடும். லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு என்கிற 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தை மேனேஜரைவிட இவர் நன்றாக அறிவார்.

சார் நடத்துவது முதியோர் இல்லம். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. முகூர்த்த நாளென்றால் காலையில் ஒருவரின் சஷ்டியப்தபூர்த்தி, மதியம் கல்யாண நாள், மாலையில் பேரனின் முதல் பிறந்தநாள். மூன்று வேளையும் கேசரி. பாதிப் பேருக்குச் சர்க்கரை என்பதை யார் கேட்கிறார்கள்?

"கேசரி நிறைய இருக்குங்க. இந்த மாசம் கரண்ட் பில்லு மட்டும்..." என்று சார் இழுப்பார்.

"அதை எப்படி சார் போட்டோ எடுக்கிறது?"

சமையல்கார அம்மாவின் சம்பளம் என்று ஆரம்பித்தாலோ, "சேவைக்குச் சம்பளமா?" என்பார்கள். அந்த அம்மா அடுத்த மாதம் ஹோட்டலுக்குப் போய்விடுவார்.

டிரஸ்டிகளில் ஒருவர் மச்சான், ஒருவர் டாக்டர், ஒருவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கூட்டத்துக்கு வரமாட்டார்கள், ஆண்டு விழா அழைப்பிதழில் பெயர் கீழே இறங்கினால் மட்டும் வருவார்கள். மினிட்ஸ் புத்தகத்தோடு சார்தான் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். ஹெட்மாஸ்டர் தீர்மானத்தைப் படிக்க மாட்டார். ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

வெளிநாட்டிலிருந்து கோடி கோடியாக வருகிறது என்பது டீக்கடை முடிவு. 2020இல் அதற்கான சட்டத்தைத் திருத்திய பிறகு, வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளை வழியாகத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுக்கலாம், இப்போது 20. சார் அங்கேயும் கணக்குத் திறந்து வைத்திருக்கிறார். வந்துகொண்டிருப்பது ஆடிட்டர் ஃபீஸ் பில் ஒன்றுதான். என்னைக் கேட்டால், மனிதர் காசு தின்கிறவர் இல்லை. தின்றிருந்தால் அந்த டிவிஎஸ் 50யை எப்போதோ மாற்றியிருப்பார்.

உங்கள் வீட்டில் விசேஷம் ஏதாவது வருகிறதா? கேசரி கிண்ட வேண்டாம். இல்லத்தின் மின் இணைப்பு எண்ணை வாங்கி, பில்லைக் கட்டிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம். சார் ஒன்றும் சொல்லமாட்டார்.