இடது பக்கம் திருகினால் மெத்துன்னு ஆகும்

கார் விஷயத்தில் எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. எதையும் பாதிதான் படிப்பேன். படித்த பாதியை அடுத்தவருக்கு முழுசாக விளக்குவேன். இந்த முதலீட்டை வைத்துக்கொண்டுதான் என் பழைய ஹேட்ச்பேக்கின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் சாஃப்ட் ஆக்கலாமே என்று இறங்கினேன்.

வண்டி செகண்ட் ஹேண்ட். எனக்கு முன்னால் வைத்திருந்த பையன் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் அவசரத்தில் விற்றான். கம்பெனியில் வந்த ஷாக் அப்சர்பர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு காயில்ஓவர் செட் போட்டிருந்தான். முன்பக்க ஷாக்கின் உடம்பிலேயே மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு வளையம், வளையத்தின் மேல் ஸ்பிரிங். வளையத்தை ஏற்றி இறக்கினால் வண்டியின் உயரம் மாறும். ஷாக்கின் தலையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு திருகாணி. வலது பக்கம் திருகினால் இறுகும், இடது பக்கம் திருகினால் தளரும். டக் டக்கென்று 32 கிளிக். “உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி வெச்சுக்கலாங்ணா” என்றான் பையன். அந்த ஒரு வார்த்தைக்காகவே பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன்.

முதல் சவாரி சிங்காநல்லூரிலிருந்து பொள்ளாச்சி, அக்கா வீட்டுக்கு. பின் சீட்டில் அம்மா. உக்கடம் தாண்டும்வரை பேசாமல் வந்தவர், அப்புறம் சொன்னார்: “ஏன்டா கண்ணு, இதுக்கு மாட்டு வண்டியே தேவலையே. அதுல கொஞ்சம் வைக்கோலாச்சும் போட்டிருப்பாங்க.”

இதற்குத்தானே திருகாணி இருக்கிறது என்று நினைத்தேன்.

முறையாகச் செய்பவர்கள் முதலில் நான்கு திருகாணியையும் வலது பக்கம் முழுக்கத் திருகி, அது நிற்கும் இடம்வரை எத்தனை கிளிக் என்று எண்ணி ஒரு தாளில் எழுதிவைப்பார்கள். பிறகு அந்த இடத்தை ஆரம்பமாக வைத்துப் பின்னால் எண்ணி வருவார்கள். இறுகி நிற்கும் இடம்தான் தெளிவான எல்லை. தளரும் பக்கத்துக் கடைசி அவ்வளவு துல்லியமாக இருக்காது. நான் எழுதவும் இல்லை, எண்ணவும் இல்லை. பானெட்டைத் திறந்து முன்னால் இரண்டையும் ‘போதும்’ என்று தோன்றும்வரை இடது பக்கம் திருகினேன். வலது சக்கரத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து “என்ன சார் பண்றீங்க?” என்று கேட்க, விளக்கம் சொல்லிக்கொண்டே திருகியதில் அந்தப் பக்கம் எத்தனை கிளிக் போனது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பின்பக்கத் திருகாணிகள் டிக்கியின் உள்பக்க லைனிங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. லைனிங்கைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி உடைந்தது. ஒன்று உள்ளே விழுந்து, இன்றைக்கும் திருப்பங்களில் உருண்டு தன் இருப்பைத் தெரிவிக்கிறது.

பின் சீட்டில் உட்காருபவர் அம்மா என்பதால் பின்பக்கத்துக்குச் சிறப்புச் சலுகை. கடைசிவரை தளர்த்தினேன்.

அப்புறம் வண்டி போன விதத்தைச் சொல்ல வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி தன்பாட்டுக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போனது. அடுத்த பள்ளம் வரும்போதும் பழைய ஆட்டம் ஓயவில்லை. ஆனால் பள்ளத்தில் விழும் அந்த ‘டங்’ மட்டும் அப்படியே இருந்தது. இடியும் குறையவில்லை, ஆட்டம் கூடுதல் வரவு.

காரணம் எளிது. ஷாக்கின் உள்ளே எண்ணெய், அதில் நகரும் பிஸ்டன். எண்ணெய் போகிற சந்தைத் திருகாணியின் கீழே இருக்கும் ஊசி குறுக்கும், அல்லது அகலமாக்கும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி விரியும்போது அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக். ஒற்றைத் திருகாணி உள்ள பெரும்பாலான செட்டுகளில் அது வேலை செய்வது முக்கியமாக இந்த விரியும் நேரத்தில்தான். சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதி அமுங்கும் நேரத்தில் அதன் செல்வாக்கு குறைவு. ஆக நான் தளர்த்தியது வண்டியின் முரட்டுத்தனத்தை அல்ல, அதன் அடக்கத்தை. கடினமான ஸ்பிரிங்குக்கு அதை அடக்கக் கொஞ்சம் கூடுதல் இறுக்கம் வேண்டும் என்பது நான் படிக்காமல் விட்ட பாதியில் இருந்தது.

படித்த பாதியை வைத்து அக்கா வீட்டு மாமாவுக்கு ஒரு வகுப்பே எடுத்திருந்தேன். “டவுனுக்குள்ள மெதுவாப் போறப்ப இடது பக்கம், பைபாஸ்ல வேகமாப் போறப்ப வலது பக்கம். அவ்வளவுதான் மாமா.” ஸ்பீடோமீட்டர் என்ன காட்டுகிறது என்று ஷாக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த வேகம் பிஸ்டனின் வேகம் மட்டும். 20 கிலோமீட்டரில் ஊர்ந்து போய், உடைந்த தார் விளிம்பில் சக்கரம் இடித்தால் பிஸ்டன் பறக்கும். 100-இல் போகும்போது நீளமான மேடு தாழ்வில் அது சாவகாசமாக நகரும். மாமா பாவம், நான் சொன்னதை அவருடைய ஆபீஸ் முழுக்கப் பரப்பிவிட்டார்.

இதற்கிடையில் இட்லி மாவுச் சம்பவம் நடந்தது. அக்காவுக்கு என்று அம்மா ஆட்டிக்கொடுத்த மாவு, எவர்சில்வர் தூக்கில், டிக்கியில். 1930-களில் சித்ரோயென் கம்பெனியின் பியேர் பூலான்ஷே, உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் ஒன்றுகூட உடையாத கார் வேண்டும் என்று தன் பொறியாளர்களைக் கேட்டதாகச் சொல்வார்கள். அப்படி உருவாகி 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் நின்றதுதான் 2சிவி. அந்த வண்டிக்கு ஸ்பிரிங் இளக்கம், சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் தாராளம். என் வண்டிக்கு இரண்டும் இல்லை. கிணத்துக்கடவு வருவதற்குள் மூடி தனியாக, தூக்கு தனியாக. லைனிங்கின் பின்னால், கிளிப் உடைந்த சந்து வழியாக மாவு இறங்கியிருந்தது. மறுநாள் வெயிலில் அது புளித்துப் பொங்கிய வாசனையோடு நான் ஆபீஸ் போனேன்.

இனி திருகாணியை நம்பிப் பயனில்லை, ஸ்பிரிங்கையே தளர்த்திவிடலாம் என்று முடிவு செய்தேன். இதுவரை சொன்னதெல்லாம் அறியாமை. இது ஆணவம். சி ஸ்பேனரை இரவல் வாங்கி, முன்சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வளையத்தைக் கீழே இறக்கினேன். அழுத்திப் பிடித்திருப்பதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இளகும்தானே? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் ஒரு முன்சக்கரத்தின் மேல் உட்காரும் கிட்டத்தட்ட கால் டன் எடை அப்படியேதான் இருக்கும். ஸ்பிரிங்கும் பழைய அளவுக்கே அமுங்கும். வளையம் இறங்கினால் வண்டி இறங்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் ஒரு நூல் அளவுகூடக் குறையாது.

வண்டி பார்க்க மட்டும் ஜம்மென்று ஆனது. எங்கள் தெரு வேகத்தடையில் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு போனது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகக் கடக்கிற மாதிரி. எங்கள் தெருக்காரர்கள் உயரத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு அகலத்தை ஒரு முழத்தில் முடித்துவிட்டார்கள். அதைக் கடக்கும்போது இப்போது ‘டங்’ போய் ‘டமார்’ வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் போய்விட்டார்.

மானம் போனாலும் பரவாயில்லை என்று, பழைய அம்பாசிடர் காலத்திலிருந்து கை வைத்துக்கொண்டிருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் கம்ப்யூட்டர் எதையும் மாட்டவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒயர் கட்டும் ஜிப் டை ஒன்றை எடுத்தார். சக்கரத்தின் பின்னால் கையை விட்டு, ஷாக் ராடில் அதைச் சுற்றி, எண்ணெய் சீலை ஒட்டினாற்போல் இறக்கிவிட்டார். “ஏனுங் தம்பி, தெரு முக்கு வரைக்கும் போய்ட்டு வாங்க.” போய்வந்தேன். டை ராடின் மேல் கோடிக்கு ஏறி, பம்ப் ஸ்டாப் என்கிற மஞ்சள் ரப்பரில் பாதி புதைந்து கிடந்தது. ரப்பரின் ஓரம் பிய்ந்து, எண்ணெய் ஏறிக் கறுத்து, கடித்துத் துப்பிய மாதிரி இருந்தது. வண்டி சும்மா நிற்கும்போதே சீலுக்கும் ரப்பருக்கும் நடுவில் இரண்டு விரல் அளவு இடம்தான்.

“இது ஷாக் இடிக்கறது இல்லீங். ஷாக் போறதுக்கு எடமே இல்லீங்” என்றார். நான் இடி என்று நினைத்ததெல்லாம், ராடு முழுக்க இறங்கி ரப்பரில் மோதியது. அதற்கும் கிளிக்குக்கும் சம்பந்தமே இல்லை. முன்னால் வைத்திருந்த பையன் வண்டியைத் தாழ்த்தி அந்த இடத்தில் பாதியைத் தின்றான். மீதிப் பாதியைச் சி ஸ்பேனரோடு வந்த நான் தின்றேன்.

“ஸ்பிரிங் மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?” என்று அடுத்த கேள்வி. பார்க்கவில்லை. துடைத்துப் பார்த்தால் 6 என்று இருந்தது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ எடை வேண்டும். கால் டன்னுக்கு இந்த ஸ்பிரிங் என்றால் வண்டி வினாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் துள்ளப் பார்க்கும். வீட்டு உபயோகக் கார்களில் இது ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும், மனிதன் நிதானமாக நடக்கிற தாளத்துக்கு அருகில். அந்த இடைவெளியை எந்தத் திருகாணியாலும் மூட முடியாது.

என்னைப் போன்றவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள் என்பது ஒரு ஆறுதல். 1900-களின் தொடக்கத்தில் பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் உருவாக்கி, ஹார்ட்ஃபோர்ட் என்பவர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஷாக்கில் எண்ணெயே கிடையாது. ஒன்றோடொன்று உரசும் தட்டுகள், நடுவில் ஒரு போல்ட். போல்ட்டை முறுக்கினால் இறுக்கம், விட்டால் தளர்வு. சாலையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியும் தொப்பியுமாக ஒருவர் ஸ்பேனரோடு குனிந்து, பின் சீட்டுத் தாயாரிடம் ‘இப்போ எப்படி இருக்கு?’ என்று கேட்டிருக்க மாட்டார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

கேட்பது தப்பில்லை. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி, 1930-களில் ஒரு பெரிய காரின் இரு முனையிலும் எடைகளைத் தொங்கவிட்டு, அவற்றை மாற்றி மாற்றி வைத்து, ஆட்களை உட்காரவைத்து ஓட்டித்தான் சொகுசு எங்கே இருக்கிறது என்று தேடினார். ஒரு சமயத்தில் ஒன்றை மாற்றுவார், உட்கார்ந்து பார்ப்பார். நானோ உயரம், கிளிக், டயர் காற்று மூன்றையும் கண்டபடி மாற்றிவிட்டு, அம்மாவின் முகத்தில் பதிலைத் தேடினேன்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 40 வைத்திருந்தேன். டிரைவர் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 30 என்று இருந்தது. அந்தக் கதவை நான் தினமும் திறக்கிறேன்.

மெக்கானிக் வளையங்களை மேலே ஏற்றினார், பிய்ந்த ரப்பரை மாற்றினார், இளகிய ஸ்பிரிங் ஒரு ஜோடி முன்னால் போட்டார். உயரம் மாறியதால் வீல் அலைன்மென்ட் பார்க்க அனுப்பினார். முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் வழுக்கையாகியிருந்ததை அங்கேதான் காட்டினார்கள். அதற்கான பில்லைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை. கடைசியாகத் திருகாணிகளை முழுக்க இறுக்கி, அங்கிருந்து எண்ணிப் பின்னால் வந்து, நான்கையும் அளந்து வைத்தார். முன்னால் 18, பின்னால் 20. சிகரெட் அட்டையில் எழுதிக்கொடுத்தார். அம்மா பொள்ளாச்சிவரை தூங்கினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்துவந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம், “பாத்தியா, ஆயில் மாத்தின உடனே எவ்வளவு மெத்துன்னு போகுது!” என்றேன். அவர் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லாமல் வந்தார். அந்த வாரமே அம்மா ஏறினார். சுங்கம் வருவதற்குள், “என்னடா, மறுபடியும் தூக்கித் தூக்கிப் போடுது?” என்றார். குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியிருக்கிறார்கள், அதுதான் காரணம் என்று சாதித்தேன். தோண்டாத ரோட்டிலும் சாதித்தேன். ஸ்பிரிங், ரப்பர், அதிர்வு எண் என்று எனக்கு இப்போது தெரிந்த எல்லாவற்றையும் எடுத்துவைத்து, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பதுவரை போனேன்.

அடுத்த தடவை சர்வீஸுக்கு விட்டபோது, அங்கே வேலை செய்யும் பையன் பானெட்டை மூடிக்கொண்டே சொன்னான்: “சார், போன வாட்டியே கவனிச்சேன், மேல இருக்கற நாப் எல்லாம் லூசா இருந்துச்சு. முன்னாடி பின்னாடி நாலையும் ஃபுல்லா டைட் பண்ணி விட்டிருக்கேன்.”

டாஷ்போர்டைத் திறந்து சிகரெட் அட்டையைத் தேடி எடுத்து, ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்று 18-ஐயும் 20-ஐயும் எண்ணிவைத்தேன். அம்மாவிடம் ரோடு போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.