கம்மாக்கரைக்கு இ-பாஸ் கேக்க மாட்டாக

பேராண்டி, அந்தக் கேமராவோட வெலையை உங்க அப்பத்தா காதுல மட்டும் போட்டுறாத. ரெண்டு கறவை மாடும் ஒரு மோட்டாரும் வாங்கியிருக்கலாமேன்னு அவ கணக்குப் போட ஆரம்பிச்சான்னா, ராத்திரிச் சோத்துக்கு வழியில்ல. சரி, அம்புட்டுத் துட்டுக் குடுத்து வாங்கி என்னதான் எடுத்திருக்கேன்னு காட்டச் சொன்னா, கொடைக்கானல் ரோட்டுல உனக்கு முன்னாடி நின்ன காரோட பின்பக்கம்! குத்தம் சொல்ல முடியாது, நம்பர் பிளேட்டு பளிச்சுன்னு விழுந்திருக்கு. அதுக்குப் பின்னாடி மங்கலா ஒண்ணு தெரியுது. மலையா, பஸ்ஸு விட்ட பொகையான்னு நீதான் சொல்லணும்.

2024 மே 7-லருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கார்ல போறவுக இ-பாஸ் எடுத்துட்டுத்தான் போகணும். ஐகோர்ட்டு சொல்லி வந்த ஏற்பாடு அது. இனிமே எங்களால தாங்க முடியாதுப்பான்னு மலை வாய்விட்டுச் சொல்லல, அதுக்குப் பதிலா கோர்ட்டு சொல்லிருச்சு. நீ என்னடான்னா பாஸ் கெடைச்சதுக்கே பாஸான மாதிரி சந்தோசப்பட்டுக்கிட்டுக் கெளம்புறே.

நம்ம மேலூர்ப் பக்கம் என்ன ஐயா இருக்கு, பாறையும் பொட்டலுந்தானேன்னு நேத்து ஒரு வார்த்தை விட்டே பாரு, அதுதான் இந்தக் கெழவன் வாயைக் கெளறிருச்சு. அரிட்டாபட்டி எம்புட்டுத் தூரம்? நீ காரைக் கழுவித் தொடச்சு முடிக்கிறதுக்குள்ள போய்ச் சேந்துரலாம். தமிழ்நாட்டுலயே மொத பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு 2022 நவம்பர்ல அரசாங்கம் அறிவிச்ச எடம் அது. பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேத்து 193 ஹெக்டேர். பறவை மட்டும் 250 வகைக்குக் கணக்குச் சொல்றாக. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளின்னு பாறை இடுக்குல குடியிருக்குற வேட்டைப் பறவைக இருக்கு. தேவாங்கு இருக்கு, அழுங்கு இருக்கு, மலைப்பாம்பு இருக்கு. கழிஞ்சமலைக் குகையில 2,200 வருசத்துப் பழைய தமிழி எழுத்து இருக்கு. பாண்டியராசா காலத்துக் குடைவரைக் கோயிலும் இருக்கு. இதுக்கெல்லாம் பேரு பொட்டலு!

அந்த மலைப் பக்கம் டங்ஸ்டன் தோண்ட ஏலம் விட்டாகன்னு 2024 கடைசியில ஊரு ஊரா சனம் தெரண்டுச்சே, ஞாவகம் இருக்கா? 2025 சனவரியில ஏலத்தை ரத்துப் பண்ணுனாக. அப்ப நீயும் பெங்களூருல உக்காந்துக்கிட்டு பச்சைக் கலர் இதயமாப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சே. ஊரே மெச்சுச்சு. அந்த எடத்துக்கு எங்கிட்டுக் கூடிப் போகணும்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் நீ கேக்கல.

சரி, திட்டுனது போதும். எடம் தேடுற சூட்சுமத்தைச் சொல்றேன், காசு ஒண்ணும் வேணாம். கையில எந்நேரமும் வச்சுத் தடவிக்கிட்டு இருக்கியே அந்த போனு, அதுல மேப்பைத் தெறந்து வீட்டைச் சுத்தி நீலமா எங்கெங்க திட்டுத் திட்டாத் தெரியுதுன்னு பாரு. அம்புட்டும் கம்மா. மழை பேஞ்சா, தண்ணி வத்துற வரைக்கும் எல்லாமே பறவைக் கூடந்தான்.

கம்மான்னா அது குண்டு குழி இல்லடா, அதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. நம்ம நெலம் மேக்க உசந்து கெழக்க சரியும். அதனால பெரும்பாலும் கரை கெழக்குப் பக்கந்தான் இருக்கும். கரையை ஒட்டி ஆழம், எதுத்தாப்புல உள்வாயில தண்ணி கணுக்கால் அளவுதான். முக்குளிப்பான், நீர்க்காகம் மாதிரி முங்கி மீன் புடிக்கிறதுக மடைப் பக்கம் ஆழத்துல கெடக்கும். கொக்கு, அரிவாள் மூக்கன், மஞ்சமூக்கு நாரை மாதிரி நெட்டைக் காலுக்காரவுக உள்வாயில மேயுவாக. இது தெரியாம, மடைக்கு மேல நின்னுக்கிட்டு நாரையைக் காணோமேன்னு லென்ஸைத் திருகுனா, நாரைக்கு உன்னை நல்லாத் தெரியும், உனக்குத்தான் அது தெரியாது.

இன்னொண்ணு. காலையில கரையில நின்னா சூரியன் உன் முதுகுக்குப் பின்னால. உள்வாயில நிக்கிற பறவை மேல வெளிச்சம் நேரா விழும், ஒவ்வொரு எறகும் எண்ணுற மாதிரி வரும். சாயங்காலம் அதே கரையில அதே எடத்துல நின்னா சூரியன் உன் மூஞ்சிக்கு நேரா. இப்ப பனைமரமும் கொக்கும் கறுப்பா, வானம் செவப்பா விழும். ஒரே எடம், ரெண்டு படம், பெட்ரோல் செலவு சுழியம். உச்சி வெயில்ல எடுக்கிறேன்னு மட்டும் கெளம்பிறாத. அந்நேரம் பறவையே நெழலுக்கு ஒதுங்கியிருக்கும். அதுக்கு இருக்குற புத்தி...

வேணாம், உங்க அம்மா கோச்சுக்குவா.

கம்மா நெறைஞ்சு கெடக்கையிலதான் அழகுன்னு எல்லாரும் ஐப்பசி கார்த்திகையில ஓடியாருவாக. தண்ணி வத்த வத்தத்தான் பறவைக்கு விருந்து. மீனெல்லாம் மிச்சமிருக்கிற குட்டைக்குள்ள நெருங்கிரும், நாரைக் கூட்டம் வந்து எறங்கும். மாசி பங்குனியில போயிப் பாரு. கம்மா செத்துப்போச்சுன்னு நீ நெனைக்கிற நேரத்துலதான் அங்க நெரிசல்.

தூக்கணாங்குருவியப் பாத்துருக்கியா? கெணத்து மேட்டுப் பனையில, மழைக்காலத்துல. ஆம்பளைக் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிப்பாட்டிட்டு, றெக்கையை அடிச்சுப் பொம்பளைக் குருவியைக் கூப்பிடும். அது வந்து உள்ள பூந்து பாத்துட்டுப் பிடிச்சிருந்தா இருக்கும், அதுக்கப்புறந்தான் மிச்சக் கூடு. பிடிக்கலைன்னா போயிக்கிட்டே இருக்கும். நீ இருபது வருசக் கடன்ல அந்தப் பிளாட்டைப் பொண்ணு பாக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிப் போட்டியே, குருவிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கம்மா சலிச்சுப் போச்சா, பாறைக்குப் போ. கீழக்குயில்குடி சமணர்மலை அடிவாரத்துல தாமரைக்குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் இருக்கு. படியேறுனா பேச்சிப்பள்ளத்துல வரிசையா சமண உருவம், வட்டெழுத்து. மேல நின்னா வயக்காடெல்லாம் கட்டம் கட்டமா விரியும். ஆனமலையை ஒத்தக்கடையில போய் நின்னு எடுக்காத, கடை போர்டுதான் விழும். கொஞ்சம் விலகி வயலுக்குள்ள எறங்கு, ஆனை படுத்திருக்கிறது அப்பத்தான் தெரியும்.

எங்க என்ன இருக்குன்னு தெரியலையா, ஆடு மேய்க்கிறவுகளைக் கேளு. எந்தப் பொந்துல ஆந்தை, எந்த ஓடையில மீன்கொத்தி, எல்லாம் அவுகளுக்கு அத்துபடி. ஆனா எறங்கிப் போயிக் கும்புட்டுக் கேக்கணும். கண்ணாடியைப் பாதி எறக்கிக்கிட்டு "ஹலோ பெரியவரே"ன்னா, ஆட்டுக்குச் சொல்லுவாக, உனக்குச் சொல்ல மாட்டாக. ரெண்டு வெத்தலை பாக்கு கொண்டுபோ, தப்பில்ல.

போன வாரம் ஒரே நாள்ல நாலு எடம் பாத்தேன்னு பீத்திக்கிட்டே. நாலு எடத்துலயும் நீ பார்த்தது பார்க்கிங்தான். ஒரே கம்மாக்கரையில ஒரே புளியமரத்தடியில ரெண்டு மணி நேரம் சும்மா குந்து. மொதல்ல எல்லாம் பறந்து போகும். பையப் பையத் திரும்பி வரும். மீன்கொத்தி உக்காருற குச்சி எதுன்னு தெரிஞ்சுபோகும், அது திரும்பத் திரும்ப அதே குச்சிக்குத்தான் வரும். அப்புறம் என்ன, குச்சியைக் குறிவச்சுட்டு உக்கார வேண்டியதுதான். ஆப்பீஸ்ல மீட்டிங்குனா மூணு மணி நேரம் அசையாம உக்காருறவனுக்கு இது என்ன பெரிய சோலியா?

கண்டிசன் கொஞ்சம் இருக்கு. ட்ரோனு அது இதுன்னு வல்லூறு கூடுகட்டுன பாறைப் பக்கம் பறக்க விடாத. கூட்டை விட்டு எந்திரிச்சுப் போயிருச்சுன்னா முட்டை கெட்டுரும். எந்தக் கூட்டுக்கும் கிட்டப் போயிக் கெளையை ஒதுக்கிப் படம் எடுக்காத. நீ ஒதுக்கிவிட்ட வழியிலதான் காக்கா வரும். தேவாங்கோ அழுங்கோ கண்ணுல பட்டா படத்தைப் போடு, எடத்தைப் போடாத. அழுங்கோட செதிலுக்கு அலையிறவனும் போனு வச்சிருக்கான். குகைப் பாறையில உன் பேரையும் ஒரு புள்ளை பேரையும் கிறுக்குனேன்னு தெரிஞ்சுச்சு, தொல்லியல் துறைக்காரவுகளுக்கு முன்னாடி நான் வந்துருவேன்.

நாளைக்கு வெள்ளன அஞ்சரைக்கெல்லாம் எந்திரிச்சு, செருப்பு போட்டுக்கிட்டு வா. கரை பூராச் சீமைக்கருவேல முள்ளு. தண்ணிப் பாட்டிலை நெறைச்சு எடுத்துக்க, காலிப் பாட்டிலை மறக்காமத் திருப்பிக் கொண்டாந்துரு.