சுருதியை விழுங்கும் யந்திரம்

கேள்வி: கம்ப்யூட்டர் வழியாக என் பேத்திக்குச் சங்கீதம் கற்பிக்கிறேன். நான் மீட்டும் தம்பூரா இரண்டொரு விநாடியில் அவளுக்குக் கேட்காமல் போய்விடுகிறது. கோளாறு தம்பூராவிலா, கம்ப்யூட்டரிலா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தம்பூரா நிரபராதி, அம்மா. பேச்சைத் தவிர ஏனைய ஓசைகளைக் களைந்தெறிவதற்கென்றே அமர்த்தப்பட்டிருக்கும் ஒலி சாஃப்ட்வேர், ஏற்ற இறக்கமின்றி நிலையாக ஒலிப்பது எதுவாயினும் அதை மின்விசிறியின் இரைச்சலுக்குச் சகோதரமாகவே பாவிக்குமாதலால், நம் சங்கீதத்துக்கு ஆதாரமான சுருதியின் இடையறாமையே அதனிடத்தில் குற்றமாகிவிடுகிறது. நீங்கள் ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீண்ட கார்வைக்கும் சில வேளை இதே கதிதான். பேத்தி கூடவே பாடினாலோ, எதிரொலியை அடக்கும் பகுதி இருவரில் ஒருவர் குரலை எதிரொலியென மயங்கி அமுக்கிவிடுவதும் உண்டு.

அழைப்புச் செயலியின் அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்துங்கள். 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் ஏற்பாடு இருந்தால் அதை இயக்குங்கள். கம்ப்யூட்டரோடு வந்த சாஃப்ட்வேரும் தன் பங்குக்கு மறுமுறை வடிகட்டக்கூடும். அதையும் நிறுத்த வேண்டும். புளூடூத் ஹெட்போனின் மைக் வேண்டாம்: சி.டி. ஒரு விநாடியின் ஒலியை 44,100 கூறுகளாக அளந்து வைக்க, அந்த மைக்கை இயக்கியதும் பேச்சு முறைக்கு மாறிவிடும் ஹெட்போன்களிற் பல 8,000 அல்லது 16,000 கூறுகளோடு நின்றுவிடுகின்றன.

இருவரும் வயருள்ள ஹெட்போனை அணிந்துகொண்டு, நாளைய பாடத்தைத் தம்பூராவோடு ஆரம்பியுங்கள்.